சோலி முடிஞ்சுதா? வேலைக்குப் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

திருநெல்வேலியில் ஒரு தனியார் மருத்துவமனையின் நிர்வாக அலுவலகத்தில் 22 வருடம் இருந்தேன். ஆள் எடுப்பது, டூட்டி சார்ட் போடுவது, லீவு கொடுப்பது, கேட்ட லீவை மறுப்பது எல்லாம் என் மேஜையில்தான் நடந்தது. இப்போது இரண்டு மூன்று சின்ன நிறுவனங்களுக்கு அதே வேலையைப் பகுதி நேரமாகச் செய்கிறேன். தெரிந்தவர், தெரிந்தவருக்குத் தெரிந்தவர் என்று வாரம் ஒருவராவது வந்து கேட்டுவிடுகிறார்கள். நர்ஸ், ஜவுளிக்கடைப் பையன், தனியார் பள்ளி டீச்சர், அம்பாசமுத்திரத்தில் மச்சில் உட்கார்ந்து பெங்களூர் கம்பெனிக்கு வேலை பார்க்கும் பிள்ளை என்று ஆள்தான் மாறுகிறது, கேள்வி மாறவில்லை. அதனால் எழுதி வைத்துவிட்டேன்.

"என்ன சோலி பாக்கிய?" என்று யார் கேட்டாலும் கம்பெனி பேரைத்தான் சொல்கிறேன். அந்த வேலை போய்விட்டால் நான் யார்?

நம் ஊரில் இது கொஞ்சம் கூடுதல்தான். பாளையங்கோட்டையில் ஒரு தெருவுக்குள் போய் விலாசம் கேட்டுப் பாருங்கள். யாரும் கதவு எண்ணைச் சொல்ல மாட்டார்கள். "சர்வேயர் வீட்டுக்கு எதுத்தாப்ல", "ஹெட்மாஸ்டர் வீட்டு மாடி" என்பார்கள். அந்த சர்வேயர் ரிட்டயர் ஆகி, காலமாகி, பேரன் துபாய்க்குப் போயிருப்பான். வீடு இன்னும் சர்வேயர் வீடுதான். வேலை வீட்டுக்கே பெயராக ஒட்டிக்கொள்ளும் ஊரில் வளர்ந்த ஒருவர், தன்னையும் வேலையையும் பிரித்துப் பார்க்கத் தடுமாறினால் அதில் ஆச்சரியம் இல்லை.

ஆனால் அந்தப் பெயர் ஒட்டியதற்குக் காரணம் 35 வருடம் ஒரே வேலை. உங்களுக்கு 5 வருடத்தில் 3 கம்பெனி மாறுகிறது. ஒட்ட நேரம் ஏது?

ஒன்று செய்து பாருங்கள். கம்பெனியைச் சொல்லாமல் கையில் இருக்கும் தொழிலைச் சொல்லுங்கள். "குழந்தைகள் வார்டுல நர்ஸு", "கடைகளுக்கு ஜிஎஸ்டி கணக்கு எழுதுதேன்", "சாஃப்ட்வேர்ல தப்பு எங்க இருக்குன்னு கண்டுபிடிக்கிற வேலை". அடையாள அட்டையைக் கம்பெனி திருப்பி வாங்கிக்கொள்ளலாம், இதை வாங்க முடியாது.

அப்புறம், உங்கள் பதவி தெரியாத ஆட்கள் இருக்கும் ஒரு இடமாவது வேண்டும். காலையில் வ.உ.சி. மைதானத்தில் நடக்கும் கூட்டமோ, ஷட்டில் ஆடும் கூட்டமோ, சர்ச் பாடகர் குழுவோ, எதுவானாலும் சரி. எங்கள் மருத்துவமனை ஸ்டோரில் 30 வருடம் இருந்த ஒருவர் ரிட்டயர் ஆன மறுநாளும் 8:50-க்கு டிபன் பாக்ஸோடு வந்து கேன்டீனில் உட்கார்ந்தார். மூன்று மாதம் வந்தார். யாரும் போகச் சொல்லவில்லை, வாருங்கள் என்றும் சொல்லவில்லை. அவருக்குப் போக வேறு இடம் இல்லை என்பது எங்களுக்கு அப்போதுதான் புரிந்தது.

இரவு 10 மணிக்கு ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பில் மெசேஜ் வருகிறது. பதில் போடாவிட்டால் தப்பாக நினைப்பார்களா?

முதல் வாரம் நினைப்பார்கள். அப்புறம் பழகிவிடும்.

இரவில் வரும் மெசேஜில் பெரும்பங்கு அவசரத்துக்காக வருவதில்லை. அனுப்புகிறவருக்கு மறந்துவிடக் கூடாது, அவ்வளவுதான். தன் மண்டையில் இருந்ததை உங்கள் மண்டைக்கு மாற்றிவிட்டு அவர் தூங்கிவிடுவார். நீங்கள் முழித்துக்கொண்டு கிடப்பீர்கள். அதனால் நான் எல்லோருக்கும் சொல்வது ஒரே ஒரு வரி. பகலில், நல்ல மூடில் இருக்கும் நேரம் பார்த்து மேலதிகாரிக்கு அனுப்பி வையுங்கள்: "சார், ராத்திரி 8 மணிக்கு மேல மெசேஜ் பார்க்க மாட்டேன். அவசரம்னா கூப்பிடுங்க, உடனே எடுப்பேன்." இரண்டாவது பாதிதான் முக்கியம். கதவை அடைக்கவில்லை, தட்டிவிட்டு வரச் சொல்கிறீர்கள். மெசேஜ் போடுவது சுலபம், ராத்திரி 10 மணிக்கு ஒருவரைக் கூப்பிடக் கொஞ்சம் கூச்சம் வரும். அந்தக் கூச்சமே வடிகட்டிவிடும். நான் பார்த்தவரை பத்து மெசேஜ் வந்த இடத்தில் ஒரு கால்கூட வராது.

போனிலும் ஏற்பாடு செய்துகொள்ளலாம். 2023 முதல் ஒரே ஆண்ட்ராய்டு போனில் இரண்டு வாட்ஸ்அப் கணக்கு வைக்க முடிகிறது. ஆபீஸுக்கு இரண்டாவது நம்பரைக் கொடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்ததும் அதன் சத்தத்தை மட்டும் அடைத்துவிடலாம். அவசரத்துக்குக் கூப்பிட உங்கள் சொந்த நம்பர் அதிகாரியிடம் இருக்கட்டும். அதெல்லாம் சிரமம் என்றால் குரூப்பை மியூட் செய்து ஆர்க்கைவில் போடுங்கள், புளூ டிக்கையும் எடுத்துவிடுங்கள். சூப்பர்வைசர் குட்மார்னிங் போட்டதும் 43 பேர் வரிசையாகக் கும்பிடு போடுவதைப் பார்க்காமல் இருப்பதே ஒரு சுகம்.

ஒரு எச்சரிக்கை. இரண்டு வாரம் கட்டுப்பாடாக இருந்துவிட்டு, ஒருநாள் தூக்கம் வராமல் 11:30-க்குப் பதில் போட்டுவிடாதீர்கள். "பாக்க மாட்டேன்னு சொன்னாலும் பாத்துக்கிட்டுதான் இருக்கா" என்று அன்றைக்கே முடிவாகிவிடும்.

பதில் போடாமல் எட்டிப் பார்ப்பதும் சும்மா இல்லை. ஒரு வேலையை அரைகுறையாக விட்டுவிட்டு இன்னொன்றுக்குப் போனால் முதல் வேலையின் மிச்சம் மனதிலேயே தங்கி, அடுத்ததைக் கெடுக்கும் என்று சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009-இல் காட்டினார். அந்த இன்னொரு வேலை உங்கள் மகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுப்பதாகக்கூட இருக்கலாம்.

ஆன்-கால் டூட்டி வேறு விஷயம். ஆபரேஷன் தியேட்டர் நர்ஸோ மின்வாரிய லைன்மேனோ போனை அடைக்க முடியாது. அவர்கள் கேட்க வேண்டியது, "யாருக்கு எந்த நாள் என்று சார்ட்டில் எழுதுங்கள், அதற்கு ஈடாக லீவோ காசோ கொடுங்கள்" என்பதுதான். எழுதாத ஆன்-கால் என்றால் 365 நாளும் ஆன்-கால்.

எங்கள் முதலாளி அண்ணாச்சி மாதிரி. அக்கா கல்யாணத்துக்கு 20,000 கொடுத்தார். அவரிடம் "நேரமாச்சு, கிளம்புறேன்" என்று எப்படிச் சொல்வது?

இதுதான் இருப்பதிலேயே கஷ்டமான கேள்வி. கார்ப்பரேட் ஆபீஸில் இருப்பவர்களுக்கு இது புரியாது. அங்கே மேனேஜர் மேனேஜர்தான். இங்கே டவுனில் ரதவீதிக் கடையில் வேலை பார்க்கும் பையனுக்கு முதலாளி பாதி அப்பா. "நம்ம கடை" என்றுதான் இரண்டு பேரும் சொல்வார்கள். லாபக் கணக்குப் பார்க்கும்போது மட்டும் அது அவர் கடை.

சட்டத்தை முதலில் எடுக்காதீர்கள். காரணத்தையும் அடுக்காதீர்கள். நாலு காரணம் சொன்னால் நாலையும் தீர்த்து வைப்பார்: "தங்கச்சியக் கூப்பிட ஆட்டோ அனுப்புதேன், நீ இரு." ஒரே ஒரு நாளையும் ஒரே ஒரு நேரத்தையும் மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். கடை சாத்துகிற நேரத்தில் சொல்லாமல் காலையில் சாமி படத்துக்கு ஊதுபத்தி கொளுத்தி முடித்ததும் சொல்லுங்கள்.

"அண்ணாச்சி, இனிமே புதன்கிழமை ஏழு மணிக்குக் கிளம்பிருதேன். ஸ்டாக் எடுக்கிறத மத்தியானமே முடிச்சு வச்சிருதேன்."

"என்னவே, கடைய விடப் பெரிய சோலி வந்துட்டோ?"

இதற்குப் பதில் தேவையில்லை. சிரியுங்கள். ஏழு மணிக்குக் கிளம்புங்கள். அடுத்த புதனும் கிளம்புங்கள். மூன்றாவது புதன் முகம் கொஞ்சம் இறுகும், அதற்கும் கிளம்புங்கள். நாலாவது வாரம், யாரோ உங்களைக் கேட்டு வரும்போது அவரே சொல்வார்: "அவன் புதன்கிழமை ஏழு மணிக்குப் போயிருவான்லா." அன்றைக்குத்தான் எல்லை போட்டாயிற்று என்று அர்த்தம். நீங்கள் சொன்ன நாளில் அது வந்திருக்காது. அவர் வாயால் இன்னொருவருக்குச் சொன்னாரே, அப்போதுதான் வந்தது. இந்தப் பக்கம் முழுக்க நான் சொல்ல வருவதும் கிட்டத்தட்ட இவ்வளவுதான். எல்லை வீராவேசமாக ஒருநாள் பேசி வருவதில்லை. நாலு வாரம் ஒரே மாதிரி நடந்தால் வரும்.

அந்த 20,000? அதை நோட்டில் எழுதிச் சம்பளத்தில் மாதம் 1,000 பிடிக்கச் சொல்லுங்கள். பணமாக வாங்கியதைப் பணமாகத் தீருங்கள். நேரமாகத் தீர்க்க ஆரம்பித்தால் அந்தக் கடன் ஒருநாளும் அடையாது, ஏனென்றால் நேரத்துக்கு யாரும் ரசீது போடுவதில்லை. தீபாவளிக்கு முந்தைய இரண்டு வாரம் மட்டும் புதன்கிழமையை விட்டுக்கொடுங்கள். கேட்காமலே விட்டுக்கொடுங்கள். வருடம் முழுக்க அதற்கு மதிப்பு இருக்கும்.

சட்டப்படி எத்தனை மணி நேரம் வேலை வாங்கலாம்?

கடைகள், வணிக நிறுவனங்கள், ஐ.டி. அலுவலகங்களுக்குத் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947. நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி. ஓவர்டைம் சேர்த்தாலும் நாளுக்கு 10, வாரத்துக்கு 54-ஐத் தாண்டக் கூடாது. ஓவர்டைமுக்கு இரண்டு மடங்கு கூலி. ஒரு வருடம் தொடர்ந்து வேலை பார்த்தவருக்குச் சம்பளத்தோடு 12 நாள் விடுப்பு, அது போகத் தற்செயல் விடுப்பு 12 நாள், உடம்புக்கு முடியாவிட்டால் 12 நாள் வரை. நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. சில கம்பெனிகள் எல்லோருக்கும் "மேனேஜர்" என்று பட்டம் கொடுப்பது ஏன் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு சட்டத்தின்படி ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 போக, 5 பண்டிகை நாளும் சம்பளத்தோடு லீவு. 2021-இல் கடைகள் சட்டத்தில் ஒரு திருத்தம் வந்தது: கடையில் வேலை செய்கிறவர்கள் உட்கார இருக்கை வைக்க வேண்டும். ஜவுளிக்கடையில் 11 மணி நேரம் நின்று கால் வீங்கி எங்கள் ஓ.பி.க்கு வந்த பெண்களைப் பார்த்தவள் நான். ஒரு ஸ்டூலுக்குச் சட்டம் போட வேண்டியிருந்தது என்பதை நினைத்தால் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. 2023 ஏப்ரலில் தொழிற்சாலைகளில் நாளுக்கு 12 மணி நேரம் வரை வேலை வாங்க வழி செய்யும் மசோதா சட்டப்பேரவையில் நிறைவேறியது. எதிர்ப்பு கிளம்பி, மே தினத்தன்று அரசு அதைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது.

வேலை நேரம் முடிந்தபின் போனை எடுக்காமல் இருக்கும் உரிமை பிரான்ஸில் 2017 முதல், ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்ட் முதல் சட்டமாகவே இருக்கிறது. நம் நாட்டில் சுப்ரியா சூலே மக்களவையில் தனிநபர் மசோதாவாகக் கொண்டு வந்தார். சட்டமாகவில்லை.

சட்டம் தெரிந்திருப்பது நல்லது. ஆனால் 8 பேர் வேலை பார்க்கும் கடையில் ஒருவர் தொழிலாளர் அலுவலகத்துக்குப் போனால் மறுநாள் என்ன ஆகும் என்பதும் எனக்குத் தெரியும். தனியாகப் போகாதீர்கள். வருகை, ஓவர்டைம் எல்லாவற்றையும் தேதி போட்டு ஒரு நோட்டில் உங்கள் கையால் எழுதி வாருங்கள். எப்போது தேவைப்படும் என்று சொல்ல முடியாது.

வீட்டிலிருந்து வேலை பார்க்கிறேன். ஆபீஸைச் சமாளித்துவிடலாம், வீட்டாரைச் சமாளிக்க முடியவில்லை.

"வீட்டுலதானல இருக்க" என்ற ஒரு வரியில் நம் ஊரில் எத்தனை மீட்டிங் போயிருக்கும் என்று கணக்கே கிடையாது. ரேஷன் கடையில் இன்றைக்குப் பருப்பு போடுகிறார்கள், கேஸ் வருகிறது, சித்தப்பா வந்திருக்கிறார் வந்து ஒரு வார்த்தை பேசிவிட்டுப் போ.

தென்காசி பக்கம் மத்தளம்பாறையில் ஸோகோ 2011-இல் அலுவலகம் போட்டபோது ஊரில் இருந்தே மென்பொருள் வேலை என்பது அதிசயம். இன்றைக்கு ஆற்றங்கரை ஊர்களில் தெருவுக்கு ஒருவராவது ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ஆனால் வீட்டிலிருந்து வேலை என்பது நம் பக்கத்துக்குப் புதுசே இல்லை. மேலப்பாளையத்திலும் முக்கூடலிலும் ஆலங்குளத்திலும் பெண்கள் பல தலைமுறையாக அதைத்தான் செய்கிறார்கள். பீடித் தட்டை மடியில் வைத்துக்கொண்டு, இலை வெட்டி, தூள் வைத்து, சுருட்டி, நூல் கட்டி, இடையில் பிள்ளைக்குச் சோறு ஊட்டி.

எங்கள் அத்தை ஒருவர் அப்படி 40 வருடம் சுற்றினார். அவரிடம் நான் கவனித்தது இரண்டு. ஒன்று, கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்பதால் அவருக்கு "இன்னைக்கு இவ்வளவு" என்ற ஒரு எண் காலையிலேயே உண்டு. இரண்டு, அந்த எண் முடிந்ததும் தட்டைத் துடைத்து, கத்திரிக்கோலை அதன் மேல் வைத்து, பரணில் ஏற்றிவிடுவார். தட்டு பரணில் இருந்தால் அத்தை வீட்டில் இருக்கிறார். தட்டு மடியில் இருந்தால் அத்தை வேலையில் இருக்கிறார். பேரன்கூட தட்டைப் பார்த்துத்தான் பக்கத்தில் போவான். கூலி சொற்பம், முதுகு வளைந்துபோயிற்று, அதை அழகாக்கிச் சொல்ல நான் வரவில்லை. ஆனால் அந்தத் தட்டு உங்கள் லேப்டாப்பைவிடத் தெளிவாகப் பேசியது. லேப்டாப் எப்போதும் திறந்தே கிடக்கிறது. அதில் படமும் பார்க்கிறீர்கள், வேலையும் பார்க்கிறீர்கள். வீட்டார் எதை வைத்துக் கண்டுபிடிப்பார்கள்?

அதனால் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஏதாவது வையுங்கள். மச்சுக் கதவு சாத்தியிருந்தால் மீட்டிங், ஒருக்களித்திருந்தால் வரலாம். சட்டை போட்டிருந்தால் ஆபீஸ், பனியனோடு இருந்தால் வீடு. எனக்குத் தெரிந்த கல்லிடைக்குறிச்சிப் பையன் காலையில் செருப்பு மாட்டித் தெருமுனை வரை போய், ஒரு டீ குடித்துவிட்டு, திரும்பி வந்து "ஆபீஸுக்கு வந்துட்டேன்" என்று உட்காருவான். சாயங்காலம் அதே மாதிரி இன்னொரு டீ. அவன் அம்மா முதலில் சிரித்தார். இப்போது "அவன் இன்னும் வரல" என்று விருந்தாளிகளிடம் சொல்கிறார். அவன் மாடியில்தான் இருக்கிறான்.

பதிலுக்கு வீட்டுக்கு ஒரு நேரம் கொடுங்கள். "மத்தியானம் ஒண்ணுல இருந்து ரெண்டு வரைக்கும் எந்தச் சோலியும் சொல்லுங்க" என்றால் கேஸ், ரேஷன், சித்தப்பா எல்லாம் அங்கே போய் அடங்கும்.

ஊர்க் கோயில் கொடைத் திருவிழாவுக்கு லீவு கேட்டால் பெங்களூர் மேனேஜருக்குப் புரியவில்லை.

புரிய வைக்க முயற்சி செய்ய வேண்டாம். கொடை என்றால் என்ன, சாமக்கொடை ஏன் நடுராத்திரி, சுடலைமாடனுக்கு நீங்கள் ஏன் நேரில் போக வேண்டும் என்று விளக்க ஆரம்பித்தால் "மாற்றிக்கொள்ள முடியாதா?" என்று கேட்பார். குடும்ப நிகழ்ச்சி, இந்தத் தேதி, இத்தனை நாள், என் வேலையை இன்னார் பார்ப்பார், அவ்வளவு போதும். பங்குனி உத்திரம் என்றைக்கு என்று காலண்டர் வந்த அன்றே தெரியும். ஜனவரியிலேயே லீவைப் போட்டுவிடுங்கள். 3 மாதம் முன்னால் கேட்ட லீவை மறுப்பது கஷ்டம். 3 நாள் முன்னால் கேட்டதை மறுக்க ஒரு நிமிடம் ஆகாது. மறுத்தவள் சொல்கிறேன்.

இதில் என் கதை ஒன்று உண்டு. நம் பக்கம் பங்குனி உத்திரத்துக்கு எங்கே இருந்தாலும் சாஸ்தா கோயிலுக்குப் போய்விடுவோம். எங்கள் சாஸ்தா குளத்தங்கரையில் இருக்கிறார். கரையில் ஒரு பனைமரத்தடியில்தான் டவர் கிடைக்கும். ஒரு வருடம் பொங்கல் கொதித்துக்கொண்டிருக்கும்போது ஆபீஸில் இருந்து போன். ஐ.சி.யூ. நைட் டூட்டிக்கு ஆள் வரவில்லை, மாற்று யார்? அந்தப் பனைமரத்தடியில் 40 நிமிடம் நின்றேன். திரும்பி வந்தபோது பூஜை முடிந்து, கூட்டம் பந்தியில் உட்கார்ந்திருந்தது. அம்மா எனக்கான திருநீறை ஒரு வாழையிலைத் துண்டில் மடித்து, சேலைத் தலைப்பில் முடிந்து வைத்திருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த நாள் ஆபீஸ் போய்ப் பார்த்தால் மாற்று ஆட்களின் பட்டியல் என் மேஜை இரண்டாவது டிராயரில் இருந்தது. எங்கே இருக்கிறது என்று நான் யாரிடமும் சொல்லி வைத்ததில்லை.

அதை அப்போது நிர்வாகத்தின் தப்பு என்றே சொல்லித் திரிந்தேன். பாதி அவர்கள் தப்புதான், லீவில் இருப்பவரைக் கூப்பிடக் கூடாது. மீதி என்னுடையது. நான் இல்லாமல் நடக்காது என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை இருந்தது. லீவுக்கு முன்னால் பட்டியலைச் சுவரில் ஒட்டியிருந்தால் அந்த போன் வந்திருக்காது. ஒட்டாமல் வைத்திருந்தது மறதியா என்று இன்று யோசித்தால், மறதி மட்டும் இல்லை.

ஆபீஸில் ஒரு தமிழ், வீட்டில் ஒரு தமிழ். நான் நடிக்கிறேனா?

இல்லை. வேட்டி கட்டுகிற இடத்தில் வேட்டி, பேன்ட் போடுகிற இடத்தில் பேன்ட். சென்னை கிளையன்ட் கூட்டத்தில், மெதுவாக வாங்க என்ற அர்த்தத்தில் "பைய வாங்க சார்" என்று சொல்லப்போய், கிளையன்ட் எந்தப் பையை வாங்குவது என்று தேடிய கதை எங்கள் வீட்டிலேயே உண்டு. ஆனால் ஊர்ப்பேச்சை மறைக்க நாள் முழுக்க ஒவ்வொரு சொல்லையும் சோதித்துக்கொண்டே பேசினால் சாயங்காலம் அலுப்பு இரட்டிப்பாகும். ஒன்றிரண்டு சொல் தப்பி வந்தால் வரட்டும். "அண்ணாச்சி எந்த ஊரு?" என்று எதிர்முனையில் இருப்பவரும் ஒட்டிக்கொள்வார். பாதிப் பேர் நம்மூர்க்காரர்கள்தான்.

நான் நர்ஸ். தெருவில் எல்லோருக்கும் நான்தான் பிரஷர் பார்க்க வேண்டும், கல்யாண வீட்டில்கூட ரிப்போர்ட்டை நீட்டுகிறார்கள்.

டாக்டர், நர்ஸ், பேங்க் ஆபீசர், வக்கீல், ஈ.பி.க்காரர் எல்லோருக்கும் இது உண்டு. முழுக்க மறுத்தால் ஊரில் குடியிருக்க முடியாது. "மாட்டேன்" என்பதற்குப் பதில் "எப்போ" என்று சொல்லுங்கள்: "ஞாயித்துக்கிழமை காலைல பத்து மணிக்கு வாங்க மதினி, நிதானமாப் பாத்துருவோம்." உண்மையில் தேவை உள்ளவர் வருவார். பந்தியில் ரிப்போர்ட்டை நீட்டியவர் வர மாட்டார்.

வேலை முடிந்து 6 மணிக்கு வீட்டுக்கு வந்தால் எனக்கு இரண்டாவது ஷிப்ட் ஆரம்பிக்கிறது. என்ன எல்லை போடுவது?

இதற்கு ஆபீஸில் போடும் எல்லை எதுவும் உதவாது. 5 மணிக்கு விட்டால் 5:30-க்கு அடுப்படி, அவ்வளவுதான் வித்தியாசம். வீட்டில் இருக்கும் ஆணிடம் "உதவி பண்ணுங்க" என்று கேட்காதீர்கள். உதவி என்றால் வேலை உங்களுடையதாகவே இருக்கும், அவர் புண்ணியத்துக்குச் செய்வார். ஒரு வேலையை முழுசாகக் கை மாற்றுங்கள். ராத்திரி தோசைக்கு மாவு இருக்கிறதா என்று பார்ப்பது, இல்லாவிட்டால் அரைப்பது, சுடுவது, கல்லைக் கழுவுவது எல்லாம் சேர்ந்து ஒரு வேலை. முதல் வாரம் தோசை பிய்ந்து வரும். வாய் திறக்காமல் சாப்பிடுங்கள். திருத்தப் போனால் கரண்டி உங்கள் கைக்கே திரும்பி வந்துவிடும்.

எனக்கு இருப்பது சோம்பலா, அதற்கு மேலா?

சோம்பல் என்றால் லீவு போட்டால் சந்தோஷமாக இருக்கும். குற்றாலத்தில் சாரல் விழும்போது நாலு நாள் போய்க் குளித்துவிட்டு வந்தும் திங்கட்கிழமை ஆபீஸ் வாசலைப் பார்த்ததும் பழையபடி கனத்தால் அது வேறு. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் தன் நோய் வகைப்பாட்டில் பர்ன்-அவுட்டைச் சேர்த்தபோது அதை நோய் என்று சொல்லவில்லை, வேலை சார்ந்த நிலை என்றது. மூன்று அடையாளம் சொன்னது: வற்றிப்போன களைப்பு, வேலை மேல் வெறுப்போ விலகலோ, முன்னைப்போல் செய்ய முடியவில்லை என்ற உணர்வு. நர்ஸ்களிடம் நான் முதலில் பார்ப்பது இரண்டாவதைத்தான். நோயாளியைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்த பெண் திடீரென்று "பதினாலாம் பெட்" என்று சொல்ல ஆரம்பிப்பாள்.

மணிக்கணக்கையும் பாருங்கள். உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் 2021-இல் வெளியிட்ட ஆய்வின்படி, வாரம் 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைவிடப் பக்கவாத ஆபத்து 35 சதவீதமும், இதய நோயால் இறக்கும் ஆபத்து 17 சதவீதமும் அதிகம். காலை 9:30 முதல் இரவு 9:30 வரை 6 நாள் கடையில் நிற்பவருக்குச் சாப்பாட்டு நேரம் கழித்தாலும் 66 மணி வருகிறது.

தூக்கம் போய்விட்டது, சாப்பாடு இறங்கவில்லை, இருந்து என்ன என்று தோன்றுகிறது என்றால் எல்லை, அட்டவணை எல்லாம் அப்புறம். 14416-க்குக் கூப்பிடுங்கள். டெலி-மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் அது. இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம். நேரில் பார்க்க பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனையிலேயே மனநலப் பிரிவு இருக்கிறது. தெரிந்தவர் பார்த்துவிடுவாரோ என்று பயந்தால், அவரும் அங்கே ஏதோ காரியமாகத்தான் வந்திருப்பார்.

வேலையை விட்டுவிடலாமா?

கையில் 4 மாதச் செலவுக்குப் பணம் இருக்கிறதா, அதை முதலில் பாருங்கள். அடுத்து ஒரிஜினல் சர்ட்டிஃபிகேட் யாரிடம் இருக்கிறது? சேரும்போதே வாங்கிப் பூட்டி வைத்துக்கொள்ளும் இடங்கள் உண்டு. விட்டுப் போகிறேன் என்று சொன்னதும் அவை பேரத்துக்கு வரும். சேரும்போது காட்டுங்கள், நகல் கொடுங்கள், ஒரிஜினலோடு வீட்டுக்கு வாருங்கள். ஏற்கெனவே கொடுத்தாயிற்று என்றால் வங்கிக் கடனுக்கோ மேற்படிப்புக்கோ தேவை என்று கேட்டு வாங்கிக்கொண்டு, அப்புறம் ராஜினாமாவை எழுதுங்கள். இந்த யோசனையை 22 வருடம் மேஜையின் அந்தப் பக்கம் இருந்தவள் சொல்வது கொஞ்சம் உறுத்தத்தான் செய்கிறது.

நானே மேலதிகாரி. என் கீழ் 12 பேர். நான் என்ன செய்ய?

ராத்திரி தோன்றுவதை எழுதுங்கள், ஆனால் அனுப்பாதீர்கள். ஜிமெயிலில் நேரம் குறித்து அனுப்பும் வசதி இருக்கிறது, காலை 9:15 என்று போடுங்கள். "அவசரம் இல்லை, நாளைக்குப் பார்த்தால் போதும்" என்று எழுதி ராத்திரி 11 மணிக்கு அனுப்புவதில் பிரயோஜனம் இல்லை. அதைப் படிக்க அவர் எழுந்துவிட்டாரே.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமே வயிறு பிசைய ஆரம்பிக்கிறது.

ஜங்ஷன் ஸ்டேஷனில் ஞாயிறு ராத்திரி நெல்லை எக்ஸ்பிரஸ் கிளம்பும் நேரம் நின்று பார்த்திருக்கிறீர்களா? ஒரு கையில் அல்வாப் பொட்டலம், முதுகில் லேப்டாப் பை. வழியனுப்ப வந்த அப்பா ஜன்னல் வழியாகத் தண்ணீர் பாட்டிலை நீட்டிக்கொண்டிருப்பார். பிள்ளை அதற்குள் மெயிலைத் திறந்திருப்பான்.

வயிறு பிசைவது பெரும்பாலும் திங்கட்கிழமை என்ன காத்திருக்கிறது என்று தெரியாததால்தான். அதை ஞாயிறு தீர்க்க முடியாது, வெள்ளிக்கிழமைதான் தீர்க்கலாம். கிளம்பும் முன் 5 நிமிடம் உட்கார்ந்து, எது பாதியில் நிற்கிறது, திங்கள் வந்ததும் முதலில் எதைத் தொட வேண்டும் என்று எழுதி மேஜையிலேயே வையுங்கள். நான் தினசரிக் காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் எழுதுவேன். அதில் நாலு வரிக்கு மேல் இடம் இருக்காது. எழுதியதை போட்டோ எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். தாள் பேப்பர்வெயிட்டுக்கு அடியில் அங்கேயே கிடக்கட்டும்.